நாற்பத்தொன்றாம் நம்பர் மாணவி

அத்தியாயம் 17

‘வாத்தியாரை எப்போதுதான் நாலு கேள்வி கேட்கப் போகிறீர்கள்?’ என்று போன வாரம் மட்டும் பதினோரு கடிதங்கள். எனக்கும் கேட்க ஆசைதான். ஆனால் அந்த மனுஷன் தனி அறையில் தன் சட்டையைத் தானே துவைத்து, காலரில் சோப்பு சரியாகப் போகாமல், கழுத்தைச் சொறிந்துகொண்டே பாடம் நடத்துவதைப் பார்த்தால் கை ஓங்க மனசு வரமாட்டேன் என்கிறது. இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். திட்டுவதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விட்ட இடத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்வோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நம் இங்கிலீஷ் வாத்தியாருக்குச் சிறந்த ஆசிரியர் பட்டம். மைக்கை அவர் கையில் கொடுத்து, "உங்க வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க சார்?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபது வருஷமாக வேலை செய்கிற அவர் மனைவி, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்காங்க" என்றார் வாத்தியார். இருநூறு பேர் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "நிர்வாகம்னு சொன்னதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் இவர்.

"என் வேலையைச் சொல்ல நாக்கு கூசுதுன்னா, நான் தேய்ச்ச சட்டையும் உங்க உடம்புல கூசும். வேண்டாம்" என்றாள் அவள்.

அந்த வாரமே நகரத்தின் மறுகோடியில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவளே கூப்பிடட்டும் என்று இவர். அவரே வரட்டும் என்று அவள். நடுவில் மாட்டிக்கொண்டது மகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் என்பதால் அப்பா அவளுக்கு வைத்த செல்லப் பெயர் மாத்திரை.

இந்த மாத்திரைதான் போன அத்தியாயத்தில் ஒரு காரியம் செய்தாள். வாத்தியார் இப்போது பெரியவர்களுக்குப் போனிலேயே இங்கிலீஷ் சொல்லித் தருகிறார். தினம் காலை ஆறேகாலுக்கு ஏழு நிமிஷக் குரல் பதிவு வரும். கேட்டுவிட்டு, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதி அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும், திருத்தித் தருவார். வகுப்பில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். "பெரியவங்களுக்குத் தப்புப் பண்ணக் கூச்சம். நம்பர் தப்புப் பண்ணினா யாருக்கு என்ன?" என்பது அவர் சித்தாந்தம். மாத்திரை ஒரு புது சிம் வாங்கி, அம்மாவை நாற்பத்தொன்றாம் நம்பராகச் சேர்த்துவிட்டாள். அப்பாவுக்குத் தெரியாது.

வரும் செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் பதவிக்கு இன்டர்வியூ இருக்கிறது, அதற்கு இங்கிலீஷ் வேண்டும் என்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே இருக்கிற காரணத்தை அம்மா மகளிடம்கூடச் சொல்லவில்லை. பாடத்துக்காக ஒரு தடவை கேட்பாள். குரலுக்காக இரண்டு தடவை.

இந்த வாரம் முழுக்கத் துவைப்பு சம்பந்தமான இங்கிலீஷ் வழக்குகள். இப்போது வெள்ளிக்கிழமை காலை ஆறேகால்.

*

"குட் மார்னிங். இன்னைக்கு வழக்கு, ‘இட் வில் ஆல் கம் அவுட் இன் த வாஷ்.’ சின்னக் குழப்பம், சின்னத் தகராறு, எதுவா இருந்தாலும் நாளாவட்டத்துல சரியாப் போயிடும்னு ஆறுதல் சொல்ற இடத்துல இதைச் சொல்லணும். ஒரு ஆபீஸ்ல புதுசாச் சேர்ந்த ரெண்டு பேருக்கு ஒத்துப்போகலை. ‘விடுங்கப்பா, கம் அவுட் இன் த வாஷ்’னு மேனேஜர் சொல்லலாம். மறைஞ்சு கிடக்கிற உண்மை ஒருநாள் தானா வெளிய வரும்கற அர்த்தத்துலயும் சொல்றவங்க உண்டு. ஆனா பெரிய துக்கத்துல இருக்கறவங்ககிட்ட போய்ச் சொல்லிடாதீங்க, அடி விழும். சட்டையில கறை பட்டா என்ன செய்வோம்? நல்லாக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல முக்கி எடுத்தா போயிடும் இல்லையா? அந்த மாதிரி."

"போகும், போகும்" என்றாள் அவள், சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்து. "இத்தனை வருஷம் என்கூட இருந்து என்னத்தைக் கத்துக்கிட்டீங்க?"

போன் அவளுக்குப் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று.

"ஒரு அறிவிப்பு. மலைமேல ஒரு விடுதிப் பள்ளியில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பறேன். அங்க சிக்னல் சரியா வராது. அதனால இந்த வகுப்பு இன்னையோட முடியுது. நாளைக்கு வர வேண்டிய கடைசிப் பாடத்தையும் இன்னைக்கே சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன். எல்லாருக்கும் நன்றி."

அவள் குழாயை மூடினாள். மூடிய பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. நகரத்தின் மறுகோடி என்றால் இரண்டு பஸ். ஏறவே இல்லை என்றாலும், ஏறினால் போய்விடலாம் என்ற நினைப்பில் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். மலைக்கு எந்தப் பஸ்? அதுவும் குரலே எட்டாத மலை. பதிவை முதலிலிருந்து இன்னும் இரண்டு தடவை போட்டாள். அழுகை வரும் போல இருந்தது. வேலைக்கு நேரமாகிறது என்று அதைத் தள்ளி வைத்தாள்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்து ராத்திரி சொன்னார்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"எப்படிச் சொல்றது என்ன? அவர் எங்க போனா எனக்கென்ன?"

"அப்படியா? அப்ப ஏன்மா மூணாவது தடவை அதையே போடறே?"

அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். "மத்தியானம் லீவு போட்டுப் போய் அவருக்குப் பெட்டி கட்ட உதவி பண்ணு. புத்தகத்தைக் கீழ, கண்ணாடிச் சாமானை மேலன்னு வைக்கத் தெரியாது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அமுக்குவார்."

"நான் ஏதாவது சொல்லட்டுமா அவர்கிட்ட?"

"சொன்னே, கையை உடைச்சிடுவேன்."

*

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கிறது. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அழுக்குத் துணி, அந்தப் பக்கம் சுத்தத் துணி. இயந்திரங்களைச் சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. இந்தப் பக்கக் கதவில் போட்டால் அந்தப் பக்கக் கதவில்தான் எடுக்க முடியும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டுமானால் அங்கியை மாற்றி, முழங்கை வரை கை கழுவ வேண்டும். அவள் ஒரு நாளைக்கு இருபது முறை மாற்றுகிறாள், இருபது முறை கழுவுகிறாள். எல்லாருக்கும் அவள் ‘இன்சார்ஜ் அக்கா’.

காலை பத்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் துணி வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி மூட்டையை அப்படியே சூட்டு இயந்திரத்தில் திணிக்கப் போனாள்.

"நிறுத்து! ரத்தம் இருக்கா பார்த்தியா?"

"இருக்குக்கா. அதனாலதான் நல்ல சூட்டுல…"

"சூட்டுல போட்டேன்னா ஜென்மத்துக்கும் போகாது. துணியோட துணியா வெந்து உட்கார்ந்துடும். முதல்ல பச்சைத்தண்ணி. அப்புறம் பொறுமை. அதுக்கப்புறம்தான் சூடு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. காலையில் போனில் அந்த மனுஷன் பேசியது காதில் திரும்பவும் கேட்டது. நாற்பத்துமூன்று பேருக்கு வெந்நீர் உபதேசம்! திருத்தாமல் எப்படி விடுவது?

டீ வேளையில் படியில் உட்கார்ந்து எழுதினாள். எழுதியது இங்கிலீஷில், தப்பும் தவறுமாக இருந்ததை நான் தமிழில் தருகிறேன்.

‘சார், நீங்கள் சொன்னது தவறு. ரத்தக் கறையை முதலில் வெந்நீரில் போட்டால் வாஷில் போகாது. முதலில் பச்சைத்தண்ணீர். பிறகு பொறுமை. பிறகுதான் சூடு. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் வேலை. அவசரப்பட்டுச் சூடு காட்டினால் எதுவும் கம் அவுட் ஆகாது.’

படித்துப் பார்த்தாள். ரொம்பச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. அதற்குள் பக்கத்தில் ஆள் வந்துவிட்டதால் அவசரமாக அனுப்பிவிட்டாள்.

வந்தவள் ரேடியோ. சுத்தப் பக்கத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வாய் ஓயாததால் அந்தப் பெயர். டாக்டர்கள் இங்கிலீஷில் திட்டினால் இங்கிலீஷிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவளும் அதே வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். இருபத்துமூன்றாம் நம்பர். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இன்சார்ஜ் அக்காவும் அங்கேதான் படிக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது.

"அக்கா, எங்க சார் கிளம்பறாராம்க்கா. மனசே சரியில்லை."

"எந்த சார்?"

"இங்கிலீஷ் சார்தான். என்ன குரல் தெரியுமா! அந்தக் குரல்ல ‘குட் மார்னிங்’ சொன்னா எங்க வீட்டுக்காரரை எழுப்பக்கூட மனசு வராது. அவர் சம்சாரம் கொடுத்து வச்சவ."

"கொடுத்து வச்சிருக்கட்டும். பெரிய விரிப்பு நூத்திருபது வரணும், வந்துச்சா?"

"வருது, வருது. உங்களுக்கு ரசனையே இல்லைக்கா."

இன்சார்ஜ் அக்கா அங்கியை மாற்றிக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டாள். கொஞ்சம் அதிக நேரம் கழுவினாள்.

*

மத்தியானம் இரண்டு மணிக்கு மாத்திரை அப்பாவின் அறைக்குப் போனபோது ஒரு பெட்டிகூடக் கட்டி முடியவில்லை. புத்தகங்கள் தரையில் கிடந்தன. வாத்தியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனை வெறித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

"என்னப்பா இப்படி உட்கார்ந்திருக்கீங்க? ஆறு மணிக்கு வண்டி வந்துடும்."

"நாற்பத்தொண்ணு யாரு?" என்றார்.

மாத்திரை ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்தாள். தூசியே இல்லாத புத்தகம்.

"உன்னைத்தான் கேக்கறேன். நீதானே சேர்த்துவிட்டே? ‘கடைக்கு வர்ற ஒரு அம்மா, பாவம், நல்லாப் படிப்பாங்க’ன்னு சொன்னே."

"கடைக்கு வருவாங்கதான். எப்பவாவது."

அவர் போனை நீட்டினார். பச்சைத்தண்ணீர், பொறுமை, பிறகு சூடு.

கல்யாணமான முதல் மாதத்தில் சவரம் செய்யும்போது அவருக்குக் கன்னத்தில் வெட்டிக்கொண்டது. காலரில் ரத்தம். பதறிப்போய்க் கெட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றப் போனவரின் கையிலிருந்து அவள் சட்டையைப் பிடுங்கினாள். பச்சைத்தண்ணி, அப்புறம் பொறுமை, அப்புறம்தான் சூடு. அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை சட்டை! ஒவ்வொரு தடவையும் அதே மூன்று படி, அதே வரிசை. அவர் ஒரு தடவையும் காதில் வாங்கிக்கொண்டதில்லை. தண்ணீர் சூடாகும் சத்தம் கேட்டாலே அவள் ஓடி வந்துவிடுவாள், பிறகு எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?

"உங்க அம்மாவா?"

"ஆமாம்ப்பா."

"திங்கக்கிழமையிலேர்ந்தா?"

"திங்கக்கிழமையிலேர்ந்துதான்."

வாத்தியார் விரலால் திரையை மேலே தள்ளினார். இந்த வாரத்து வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

திங்கள், ‘வாஷ்டு அவுட்’, அதாவது சக்தியெல்லாம் வடிந்து துவண்டு போவது. நாற்பத்தொன்று எழுதியிருந்தாள்: ‘இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வாஷ்டு அவுட் ஆகி வீட்டுக்கு வருகிறேன். ஏன் லேட் என்று கேட்க ஆள் இல்லை.’ அதன்கீழ் அவர் போட்டிருந்த குறிப்பு: ‘நன்று. இரண்டாவது வாக்கியம் தேவையில்லை.’

செவ்வாய், ‘தட் வோன்ட் வாஷ்’, அந்தச் சாக்கு எடுபடாது என்பது. ‘பசி இல்லை என்று மகளிடம் சொல்கிறேன். அது அவளிடம் வோன்ட் வாஷ்.’ குறிப்பு: ‘பத்துக்கு ஒன்பது.’

புதன், ‘ஹங் அவுட் டு டிரை’, துணை நிற்க வேண்டிய நேரத்தில் ஒருவரை அம்போ என்று விட்டுவிடுவது. ‘பலர் முன்னால் ஒருவர் என்னை ஹங் அவுட் டு டிரை செய்தார்.’ குறிப்பு: ‘யார் அந்த ஒருவர்? எழுவாய் தெளிவாக இருக்க வேண்டும்.’

வியாழன், ‘வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்’, கைகழுவி விடுவது. ‘நான் அவரைக் கைகழுவிவிட்டதாக அவர் நினைக்கிறார். நான் கழுவவில்லை.’ குறிப்பு: ‘இரண்டு வாக்கியத்தையும் பட் போட்டு இணைக்கலாம்.’

வாத்தியார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பட் போட்டு இணைக்கலாமாம்! எவனாவது இப்படி எழுதுவானா?"

"நீங்கதான்ப்பா எழுதினீங்க."

"ஒன்பது மார்க் போட்டிருக்கேன்மா அவளுக்கு. சாப்பிடலைங்கறா, நான் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கேன்."

மாத்திரைக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று. அவர் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு விவரம் தெரிந்து இதுதான் முதல் தடவை.

"எனக்கு அவளைப் பார்க்கணும்" என்றார். "இன்னைக்கு நேத்து இல்லை. வீட்டை விட்டு வந்த மறுநாளே பார்க்கணும் போல இருந்துச்சு. காலையில எழுந்ததும் அவ வளையல் சத்தம் கேக்காம எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரியே இல்லை. அதனாலதான் ஆறேகாலுக்கு வகுப்பு வச்சேன். யார்கிட்டயாவது பேசணுமே."

"இதை அம்மாகிட்ட போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

"சொல்லி? ‘மன்னிச்சிடு’ன்னு காதோட காதா சொல்லிட்டா ஆச்சா? நான் அவளை மறைச்சது காதோட காதா இல்லையே."

கொஞ்ச நேரம் அறைக்குள் நடந்தார். புத்தகங்களைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ பெட்டியைக் கட்டு. சத்தம் போடாம கட்டு. எனக்குப் பாடம் பதிவு பண்ணணும்" என்றார்.

*

மாலை நாலரை. சுத்தப் பக்கத்தில் விரிப்புகள் சூட்டு உருளைக்குள் போய் மறுபுறம் விறைப்பாக வெளியே வந்துகொண்டிருந்தன. ரேடியோவும் இன்னும் நாலு பேரும் இரண்டிரண்டு பேராக முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். இன்சார்ஜ் அக்கா எண்ணிக்கைச் சீட்டோடு நின்றாள். ரேடியோவின் போன் சத்தம் போட்டது.

"சார் பாடம்! கடைசிப் பாடம்க்கா! எல்லாரும் கேளுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

"வேலை நேரத்துல என்ன…" என்று ஆரம்பித்தாள் இன்சார்ஜ் அக்கா. அதற்குள் அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. வீட்டுச் சமையலறையில் தனியாகக் கேட்டு வந்ததை இத்தனை பேர் நடுவில் கேட்பது என்னவோ போல இருந்தது.

"குட் ஈவினிங். இன்னைக்கு ‘வாஷ் டர்ட்டி லினன் இன் பப்ளிக்.’ நேர் அர்த்தம், அழுக்குத் துணியை ஊர் நடுவுல துவைக்கறது. குடும்பத்துக்குள்ள இருக்கற சண்டை, அசிங்கம், இதையெல்லாம் நாலு பேர் முன்னாடி அவிழ்த்து விடறது. பெரும்பாலும் ‘செய்யாதே’ன்னுதான் வரும். அண்ணன் தம்பி சண்டை பேப்பர் வரைக்கும் வந்தா சொல்லலாம். புருஷன் பெண்டாட்டி கடைத்தெருவுல கத்திக்கிட்டா சொல்லலாம்."

பதிவில் நாற்காலி கிறீச்சிட்டது.

"வாரம் பூரா உங்க வாழ்க்கையிலேர்ந்து வாக்கியம் கேட்டேன். நான் ஒண்ணுகூடக் கொடுக்கலை. இப்பக் கொடுக்கறேன். செய்யக் கூடாதுன்னு இப்பதான் சொன்னேன், அதைத்தான் செய்யப் போறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மேடையில என் மனைவி என்ன வேலை பண்றாங்கன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரி நிர்வாகம்னு சொன்னேன். அது பொய். அவங்க ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல இருக்காங்க. ஆபரேஷன் நடக்கற இடத்துக்குப் போற துணி எல்லாம் அவங்க பார்த்து அனுப்பினாத்தான் போகும். அந்த வேலையிலதான் எங்க வீடு நடந்துச்சு, என் மகள் படிச்சா. அதைச் சொல்ல நான் வெட்கப்பட்டேன். கேட்டுக்கிட்டு அவங்க மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தாங்க."

உருளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கிறவர்கள் விரிப்பைப் பிடித்தபடியே நின்றார்கள்.

"தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கலாம். ஆனா தப்பு தனியா நடக்கலை, இருநூறு பேர் முன்னாடி மைக்ல நடந்துச்சு. என்கிட்ட இப்ப இருநூறு பேர் இல்லை, நாற்பத்துமூணு பேர்தான் இருக்கீங்க. உங்க முன்னாடி கேக்கறேன். தப்பு என்னுது. வாக்கியங்களை ஆறு மணிக்குள்ள அனுப்புங்க. நன்றி."

ரேடியோதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடப்பாவி மனுஷா! நம்ம வேலையா? சலவையைச் சொல்ல வெட்கமா? இவருக்குப் போய் நான் உருகினேனே! நானா இருந்தா வாசல்படி மிதிக்க விடமாட்டேன்க்கா. எந்த ஆஸ்பத்திரியிலயோ, பாவம், அந்தப் பொம்பளை…"

"நான்தான்" என்றாள் இன்சார்ஜ் அக்கா.

ரேடியோ அணைந்துபோயிற்று.

"அப்ப… அவர் குரலைப் பத்தி நான் இத்தனை நாளா…"

"எல்லாத்தையும் கேட்டேன். பரவாயில்லை. எனக்கும் அந்தக் குரலைக் கேட்டா அப்படித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு எண்ணிக்கைச் சீட்டை மேஜைமேல் வைத்தாள். இத்தனை வருஷம் ஒரே குடும்பமாக வாழ்ந்தும் ‘தப்பு என்னுது’ என்று அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. அதுவும் இவர்கள் முன்னால், கூட நின்று வேலை செய்கிறவர்கள் முன்னால். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும், அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதைச் செய்ய வேண்டுமானாலும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே!

"அக்கா, மணி அஞ்சாகப் போகுது. ஆறு மணிக்குக் கிளம்பறேன்னாரே. போங்கக்கா, நாங்க பார்த்துக்கறோம்."

"ஆறரை வரைக்கும் என் ஷிப்ட்" என்றாள் அவள். "என் வேலையை அவர் இன்னைக்குத்தான் வாய் திறந்து சொல்லியிருக்கார். இன்னைக்குப் போய் அதைப் பாதியில விட்டுட்டு ஓடணுமா?"

"பிடிவாதம் பிடிக்காதீங்கக்கா. வண்டி போயிடும்."

"தெரியும்" என்றாள். "எனக்குத் தெரியாதா?"

ஆனாலும் நகரவில்லை. நம் ஆள் அப்படித்தான். பதினேழு வாரமாகப் பார்க்கிறீர்களே. போனை மட்டும் எடுத்தாள்.

*

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். விடுதிப் பள்ளியின் வண்டி வாசலில் நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. கண்ணாடிச் சாமான்களை மாத்திரை தனியாகத் துண்டில் சுற்றி மேலே வைத்திருந்தாள். காலியான அறையில் வாத்தியார் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாற்பத்திரண்டு பேரிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. சிலர் அழுதிருந்தார்கள். இருபத்துமூன்றாம் நம்பர் தன் இங்கிலீஷ் முழுவதையும் திரட்டித் திட்டியிருந்தாள். ஒரு பிழைகூட இல்லை. நாற்பத்தொன்று மட்டும் வரவில்லை.

"வராதுப்பா. அம்மாவைத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் மாத்திரை.

"தெரியும். அதனாலதான் நிக்கறேன்."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "சார், மலை ஏறணும். இருட்டினா பனி இறங்கிடும்."

"ரெண்டு நிமிஷம்ப்பா."

அந்த இரண்டு நிமிஷத்தில் போன் அதிர்ந்தது. தனியாக அவருக்கு அனுப்பாமல், வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி எழுதியிருந்தாள் நாற்பத்தொன்றாம் நம்பர் மாணவி. அப்பாவின் தோளுக்கு மேல் எட்டி மகளும் படித்தாள்.

‘சார், கேட்டேன். இங்கே என்கூட வேலை செய்கிற எல்லாரும் கேட்டார்கள். அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் என் கோபம் இன்னும் தீரவில்லை. இரண்டு வருஷமாக அதைக் காட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. ஆறரைக்கு ஷிப்ட் முடிகிறது.’

வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். எந்தத் திருத்தமும் எழுதவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மாத்திரை வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"போற வழியில பெரிய ஆஸ்பத்திரி வரும்ல?" என்றார் டிரைவரிடம். "அதுக்குப் பின்னாடி ஒரு கேட் இருக்கு. சலவைப் பிரிவு. அங்க கொஞ்சம் நிறுத்தணும்."

"யாராவது ஏறணுமா சார்?"

"இல்லைப்பா. நான் இறங்கணுமான்னு ஒருத்தரைக் கேக்கணும்."